தோட்டத்து லோரி, பள்ளி வேன், படுக்கிற வேன்

நனைந்த தார்ப்பாய்க்கென்று ஒரு வாசம் உண்டு. கொஞ்சம் மெழுகு, கொஞ்சம் டீசல், கொஞ்சம் ஈரச் சாக்கு. ஸ்கூடாய் பக்கம் ஒரு தாமானில், மழை விட்ட மாலையொன்றில், வேனின் பக்கவாட்டில் கட்டும் பந்தல் துணியை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்த பெரியவருக்கு அந்த வாசம் மூக்கில் ஏறியது. கை அப்படியே நின்றுவிட்டது. "லோரி வாசம்" என்றார் மனைவியிடம். அந்த அம்மாளுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படவில்லை. அவரும் தோட்டத்தில் பிறந்தவர்தான்.

அந்தத் தாமானில் பெரியவருக்குப் பெயர் வேன் அங்கிள். ஜொகூர் பாரு தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் ஏற்றி இறக்கியவர். அன்று அவர் வேனில் ஏறிய பிள்ளைகள் இன்று தங்கள் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாலும், கடைத்தெருவில் அவரைக் கண்டால் "வேன் அங்கிள்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். வேனில் இப்போது பள்ளி இருக்கைகள் இல்லை. இரண்டு பேர் படுக்கிற பலகை, அதன் அடியில் நாலைந்து பெட்டிகள், ஒரு பேட்டரி, ஒரு விசிறி, ஓர் அடுப்பு. மாதத்தில் சில நாள் அவரும் மனைவியும் அதில்தான் குடித்தனம். கேம்பர்வேன், மோட்டார் வீடு என்று இதற்கு எத்தனையோ பெயர்கள். அவர் வீட்டில் அது "படுக்கிற வேன்".

கூலாயிலிருந்து உள்ளே போகும் ஒரு ரப்பர் தோட்டத்தில் அவர் வளர்ந்தார். வார நாட்களில் உரமூட்டையும் பால் டிரம்மும் சுமக்கும் லோரி, வருடத்தில் ஒரு தடவை, துரையின் அனுமதியோடு, கோயிலுக்குப் போகும். பங்குனி உத்திரத்துக்குப் பகாங்கில் உள்ள மாரான் மரத்தாண்டவர் ஆலயம். எண்ணெய்க் காசைக் கோயில் கமிட்டி வீட்டுக்கு வீடு தண்டும். முதல் நாளே லோரியைக் கழுவிவிட்டு, மேலே மூங்கில் வளைத்துத் தார்ப்பாய் கட்டுவார்கள். இன்றைக்குச் சிகாமட்டிலிருந்து கம்பாங் வரை துன் ரசாக் நெடுஞ்சாலை நேராக ஓடுகிறது. அப்போது சுற்றுவழி. விடியுமுன் கிளம்பினாலும் போய்ச் சேர இருட்டிவிடும்.

ஏற்றுவதற்கு ஒரு முறை இருந்தது. அதை நடத்தியவர் பெரிய மண்டோரின் மனைவி. இடுப்பில் கையூன்றி நின்று அவர் சொல்கிற இடத்தில்தான் சாமான் இறங்கும். அரிசி மூட்டையும் தண்ணீர் டிரம்மும் லோரியின் நடுவில், தரையோடு தரையாக. அண்டாக்கள் அவற்றைச் சுற்றி. துணி மூட்டைகள் மேலே. பிள்ளைகள் சாய்ந்துகொள்ள அதுதான் தலையணை. கிழவிகள் முன்பக்கம், குலுக்கல் குறைவு. இளவட்டங்கள் பின்னால், தூசி தின்ன. யாராவது ஓர் அம்மிக்கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தால், "மாரான்ல கல்லுக்கா பஞ்சம்?" என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

வேன் அங்கிள் தன் வேனுக்குப் பலகை அடித்தபோது இந்த முறையைத்தான் பின்பற்றினார். தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. நாற்பது லிட்டர் என்றால் ஓர் ஆளின் பாதி எடை. அதைப் பின்கதவு ஓரத்தில் வைத்தால் வண்டியின் மூக்கு தூக்கும், வளைவில் வால் ஆடும். இரண்டு சக்கர அச்சுகளுக்கும் நடுவில், தாழ வைத்தால் தண்ணீர் இருப்பதே தெரியாது. கூரை மேல் பெட்டி கட்டுவது அவருக்கு அறவே பிடிக்காது. "கூரையில வைக்கிற பத்து கிலோவும் கீழே வைக்கிற பத்து கிலோவும் ஒண்ணில்ல தம்பி. யோங் பெங் பக்கம் டிரெய்லர் லோரி நம்மைத் தாண்டிப் போறப்ப தெரியும்" என்பார்.

தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிய காலத்தில் குடும்பம் ஜொகூர் பாருவுக்கு வந்தது. அவர் பயணிகளை ஏற்றுவதற்கான பி.எஸ்.வி. உரிமம் எடுத்தார், ஒரு வேன் வாங்கினார். அதிகாலையில் ஒரு சுற்று, மதியம் ஒரு சுற்று. இடைப்பட்ட நேரத்தில் மரநிழலில் வேனை நிறுத்தி, பின்னிருக்கையில் கால் நீட்டிப் படுப்பார். எந்த மரத்தின் நிழல் எத்தனை மணிக்கு நகரும், எந்தக் கண்ணாடியை எவ்வளவு இறக்கினால் காற்று வரும் என்பதெல்லாம் அந்த மதியங்களில் படித்த பாடம்.

பிறகு 2020 மார்ச் 18 வந்தது. நடமாட்டக் கட்டுப்பாடு. பள்ளிகள் மூடின, சிங்கப்பூருக்குப் போகும் கடற்பாலம் அடைபட்டது. நாள்தோறும் மோட்டார் சைக்கிள்களின் இரைச்சலில் விடியும் ஊர், ஊமையாகிவிட்டது. வேன் வாசலில் நின்றது. பேட்டரி செத்தது, டயர்கள் நின்ற இடத்திலேயே தட்டையாகின. "சும்மா நிக்கிற வண்டிக்கு ரோட் டேக்ஸ் கட்டுறதுக்கு, அதுல போய்ப் படுத்தாலாவது பிரயோசனம்" என்று மனைவி ஒரு நாள் சலித்துக்கொண்டார். கேலிக்குச் சொன்ன பேச்சுதான். ஆனால் பள்ளிகள் திறந்தபோது அவருக்கு வயது கடந்திருந்தது. ஓட்டத்தை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டார். 2021 அக்டோபர் 11-இல், தடுப்பூசி போட்டவர்கள் மாநிலம் விட்டு மாநிலம் போகலாம் என்று அரசு கதவைத் திறந்தபோது, நாடே சாலையில் இறங்கியது. அவர்களும் இறங்கினார்கள்.

அண்டை வீட்டில் ஓர் இளம் தம்பதி. இருவருக்கும் சிங்கப்பூரில் வேலை. விடுமுறை நாளில் அவர்கள் பார்ப்பதெல்லாம் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் வண்டியிலேயே வாழ்கிறவர்களின் காணொளிகள். ஒரு வேன் வாங்கியே தீருவது என்று பட்டியலோடு வந்தார்கள். உள்ளே கழிவறை, ஷவர், ஏர்கோன், மூன்றடுப்புச் சமையல் மேடை, சுடுநீர்.

"எதுக்குமா சுடுநீர்?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

வேன் அங்கிளின் அனுபவத்தில் முக்கியமான பகுதி இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. மற்ற நாட்டு மோட்டார் வீடுகள் குளிருக்கும் தூரத்துக்கும் செய்யப்பட்டவை. நூறு மைலுக்கு ஒரு கடை, இரவில் உறைபனி என்கிற நாட்டில் எல்லாவற்றையும் முதுகில் சுமக்கத்தான் வேண்டும். தீபகற்ப மலேசியாவில் எந்தச் சாலையில் போனாலும் ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பெட்ரோல் நிலையம், ஒரு சுராவ், ஒரு சாப்பாட்டுக் கடை வந்துவிடுகிறது. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் மாச்சாப், பாகோ, ஆயர் குரோ என்று ஆர் அண்ட் ஆர் ஓய்விடங்கள் வரிசையாக இருக்கின்றன. கழிவறை, குளியலறை, விளக்கு, காவல் எல்லாம் அங்கேயே. அப்படியிருக்க, வேனுக்குள் கழிவறை வைத்து, அதன் தொட்டியை யார் கழுவுவது, எங்கே கொட்டுவது? இந்த நாட்டில் அதைக் கொட்டுவதற்கென்று ஏற்பாடு செய்த இடம் கிடைப்பது அரிது. அவசரத்துக்கு மூடியுள்ள ஒரு வாளி போதும் என்பது அவர் கட்சி. அந்த இளம் பெண்ணின் முகம் கோணியது. ஆனாலும் பட்டியலில் முதல் வரி அன்றே அடிபட்டது.

ஏர்கோன் அவ்வளவு சுலபமாக அடிபடவில்லை. ஜொகூர் பாரு நில நடுக்கோட்டுக்கு ஒன்றரை டிகிரி வடக்கில் இருக்கிறது. வெயிலில் மூடிக்கிடக்கும் வண்டிக்குள் வெப்பம் ஐம்பது டிகிரியைத் தாண்டும். கேட்பதில் நியாயம் இருக்கிறது. அவர் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றில் இருப்பது 1200 வாட்-மணி. பழைய ஈய பேட்டரியில் அதில் பாதிக்கு மேல் எடுத்தால் சீக்கிரம் செத்துவிடும், ஆக 600. இருபது வாட் விசிறி எட்டு மணி நேரம் ஓடினால் 160. விளக்குக்கும் கைப்பேசிக்கும் கொடுத்தது போக மிச்சம் இருக்கும். 500 வாட் இழுக்கிற ஏர்கோனோ, கண்ணசரும் முன்பே பேட்டரியைக் காலி செய்துவிடும். லித்தியம் பேட்டரி நாலைந்து வாங்கலாம். அதற்கான காசில் பல இரவு நல்ல ஹோட்டலில் படுக்கலாம். ஏர்கோன் கட்டாயம் வேண்டுமென்றால் அந்த இரவு ஹோட்டலுக்குப் போய்விடுவதுதான் கெட்டிக்காரத்தனம். படுக்கிற வேன் வைத்திருப்பவர் ஹோட்டலில் படுக்கக் கூடாதென்று சட்டமில்லை.

என்ஜினை ஓடவிட்டு ஏர்கோன் போட்டுத் தூங்கலாமே என்று அந்தத் தம்பி கேட்டார். அப்போது மட்டும் பெரியவரின் குரல் உயர்ந்தது. புகைக்குழாயில் ஓர் ஓட்டை, பின்கதவின் ரப்பரில் ஒரு கிழிசல், அவ்வளவு போதும். கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். நிறமில்லை, மணமில்லை. தூக்கத்திலிருப்பவருக்கு மயக்கம் வருவது எப்படித் தெரியும்? நிறுத்திய வண்டிக்குள் உறங்கியவர்கள் எழுந்திருக்காத செய்தி இந்த நாட்டுப் பத்திரிகைகளில் அவ்வப்போது வருகிறது. வேனுக்குள் சமையல் வேண்டாம் என்று அவர் சொல்வதும் இதையொட்டித்தான். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையில் தேங்கும். கண்ணாடியை இறக்கி வைத்தால் மட்டும் அது வெளியேறாது. அவர்கள் வீட்டு அடுப்பு எப்போதும் பந்தல் துணியின் கீழ், வெளியேதான் எரியும். உள்ளே ஒரு தீயணைப்பான் மட்டும், படுத்த இடத்திலிருந்து கைக்கு எட்டும் தூரத்தில்.

வெப்பத்தைவிட அவருக்குப் பெரிய எதிரி ஈரம். குளிர்நாட்டுப் புத்தகங்களில் இதைப் பற்றி அவ்வளவாக இருக்காது. இரண்டு பேர் மூச்சு, நனைந்த துண்டு, வெளியே மழை. விடிந்து பார்த்தால் கண்ணாடி முழுக்கத் தண்ணீர் வழியும். சில வாரத்தில் ஸ்பாஞ்ச் மெத்தையின் அடியில் கரும்புள்ளி விழும். மெத்தைக்கு அடியில் முழுப்பலகை வைக்காமல், இடைவெளி விட்டுச் சட்டங்களாக அடித்திருக்கிறார். மேலே மெல்லிய மெத்தை, அதன்மேல் பாய். பாய் சூட்டைப் பிடித்து வைக்காது, உதறினால் சுத்தம், அரை மணி வெயிலில் காய்ந்துவிடும். கூரையில் காற்றை வெளியே தள்ளும் சிறிய விசிறி ஒன்று, எதிர்ப்பக்கக் கண்ணாடியில் ஒரு விரல் சந்து. கொசுவலையை அம்மாள் கையால் தைத்து, ஓரத்தில் காந்தம் கோத்திருக்கிறார். கதவுச் சட்டத்தில் தானாக ஒட்டிக்கொள்ளும். கடற்கரையில் கொசுவைவிடத் தொல்லை அகாஸ் பூச்சிதான். கண்ணுக்குத் தெரியாது, கடித்த இடம் வாரக்கணக்கில் அரிக்கும். அதற்கு வலையின் கண் இன்னும் நெருக்கமாக இருக்க வேண்டும்.

சாப்பாட்டு விஷயத்தில் அம்மாள் வைத்ததுதான் சட்டம். முதல் நாளுக்குப் புளிச்சோறு, அவித்த முட்டை, நன்றாக எண்ணெய் பிரிய வதக்கிய நெத்திலிச் சம்பால். மாரான் லோரியில் தாய்மார்கள் கட்டிக்கொண்டு போனதும் இதுதான். புளியும் எண்ணெயும் உப்பும் சேர்ந்தது தாங்கும். தேங்காய்ப்பால் சேர்த்தது இந்தச் சூட்டில் மதியத்தைத் தாண்டாது. இரண்டாம் நாளிலிருந்து அந்தந்த ஊர்ச் சாப்பாடு. குளுவாங் வழியாகப் போனால் 1938 முதல் நடக்கும் ரயில் நிலையக் காப்பிக்கடையில் காப்பியும் வாட்டிய ரொட்டியும். மூவாரில் ஒத்தாக்-ஒத்தாக். இரவில் கஞ்சியோ மெகியோ, தேவையானால் மட்டும். "ஊர் ஊரா போய் நம்ம குழம்பையே சாப்பிடுறதுக்கு வீட்டிலேயே இருக்கலாமே" என்கிறார். ஜாலான் உங்கு புவான் பாத்திரக்கடையில் வாங்கிய ஒரு சட்டி, ஒரு கெண்டி, இரண்டு மங்கு. சமையலறை மொத்தமும் ஒரு வாளிக்குள் அடங்கிவிடுகிறது.

எங்கே நிறுத்துவது? அந்தக் காலத்தில் லோரி ஓட்டுநர் இந்தக் கேள்வியைக் கண்ணாலும் காதாலும் தீர்த்தார். ஆற்றங்கரையைத் தொட்டு லோரியை நிறுத்தவே மாட்டார். பெண்கள் "பக்கத்துல போய் நிறுத்துங்கண்ணே, தண்ணி தூக்க முடியல" என்று கத்தினாலும் மேட்டில்தான் நிற்பார். காரணம் கேட்டால் "கபாலா ஆயர்" என்று ஒற்றைப் பதில். மலையுச்சியில் மழை கொட்டினால், கீழே வானம் தெளிந்திருக்கும்போதே ஆற்றில் திடீர் வெள்ளம் இறங்கும். தெளிந்த நீர் சட்டென்று கலங்கினாலோ, இலையும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் மாறினாலோ சாமானை விட்டுவிட்டு மேட்டுக்கு ஏற வேண்டும். கோத்தா திங்கி நீர்வீழ்ச்சிக்குப் போனாலும், லேடாங் மலையடிவாரத்துக்குப் போனாலும் வேன் அங்கிள் இன்றும் அதே மேட்டைத்தான் தேடுகிறார்.

மேடு என்றால் சரிவின் அடியும் அல்ல. 2022 டிசம்பர் 16 அதிகாலை, சிலாங்கூர் பத்தாங் காலியில் கூடாரங்களில் உறங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் மண்சரிந்தது. 31 பேர் இறந்தார்கள். பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளோடு வந்த குடும்பங்கள். அந்தச் செய்தி வந்த நாளில் அவர்கள் ஒரு பயணத்துக்குச் சாமான் ஏற்றி வைத்திருந்தார்கள். இறக்கிவிட்டார்கள். அன்றிலிருந்து, பின்னால் வெட்டிய மண்சுவர் தெரிகிற முகாம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வண்டி அங்கே நுழைவதில்லை. ஊராட்சி மன்ற உரிமம் இருக்கிறதா என்றும் கேட்டுவிடுகிறார்.

இரவு தங்க அவருக்குப் பிடித்த இடங்கள் பெரும்பாலும் படம் எடுக்க லாயக்கற்றவை. இருபத்துநாலு மணி நேரப் பெட்ரோல் நிலையத்தின் ஓரம்: எண்ணெய் ஊற்றிவிட்டு, பணியாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, நாற்காலி எதையும் வெளியே விரிக்காமல் படுத்து, விடிந்ததும் கிளம்பிவிடுவது. ஆர் அண்ட் ஆரில் கழிவறைக்குப் போகும் விளக்கு வெளிச்சத்தில், கனரக லோரிகள் நிற்கும் பக்கத்தைத் தவிர்த்து. சிறு நகரங்களில் கோயில் வளாகம். செயலாளரிடமோ குருக்களிடமோ முன்கூட்டியே கேட்டால் மறுப்பவர்கள் குறைவு. உண்டியலில் ஏதாவது போட வேண்டும், வளாகத்தில் கவிச்சி சமைக்கக் கூடாது, காலை பூசைக்கு முன் வேனை ஓரம் கட்ட வேண்டும். லோரிக் காலத்தில் யாரும் சொல்லிக்கொடுக்காமலே எல்லோருக்கும் தெரிந்திருந்த மரியாதை இது. இப்போது சொல்லித்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது.

மரத்தடி நல்லதுதான், எந்த மரம் என்று பார்க்க வேண்டும். தென்னை கூடவே கூடாது. டுரியான் காய்ப்புக் காலத்தில் தோப்பில் நிறுத்துவது அதைவிட மோசம். டுரியான் பெரும்பாலும் இரவில்தான் விழும்.

கடற்கரை மணலில் இறங்குகிறவர்களுக்கு அவர் காட்டுவது வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாட்காட்டியை. அமாவாசையும் பௌர்ணமியும் ஒட்டிய நாட்களில் கடல் ஏற்றம் அதிகம். மெர்சிங்குக்கு வடக்கே ஆயர் பாப்பானில் ஒரு பௌர்ணமி இரவு, பக்கத்தில் நின்ற நான்கு சக்கர ஜீப்காரர் சிரித்துக்கொண்டே மணலில் இறக்கி நிறுத்தினார். நடுராத்திரி ஊரே கூடி இழுத்தது. சக்கரம் புதைந்தால் முறுக்கி முறுக்கி ஆக்சிலேட்டரை அழுத்தக் கூடாது. டயர் காற்றை இருபது பவுண்டு அளவுக்கு இறக்கி, பாதை போல் பலகையோ பாயோ போட்டு மெல்ல ஏற்ற வேண்டும், தார்ச்சாலைக்கு வந்ததும் திரும்பக் காற்றடிக்க வேண்டும். காற்றடிக்கும் சின்னப் பம்பு அவர் வேனில் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னாலேயே இருக்கும்.

அந்தக் கிழக்குக் கரைப் பக்கமே நவம்பரிலிருந்து மார்ச் வரை அவர் போவதில்லை. வடகிழக்குப் பருவமழை, தீவுகளுக்குப் படகு ஓடாது, தாழ்ந்த சாலைகள் முழுகும். 2006 டிசம்பரிலும் அடுத்த மாதமே மறுபடியும் கோத்தா திங்கி நகரம் வெள்ளத்தில் மூழ்கியதை ஜொகூர்க்காரர்கள் மறக்கவில்லை. அந்த மாதங்களில் அவர்கள் போகும் சாலை ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலை: பொந்தியான், பத்து பஹாட், மூவார், மலாக்கா. நேரமிருந்தால் பொந்தியானிலிருந்து தெற்கே, ஆசியப் பெருநிலத்தின் தென்முனையான தஞ்சோங் பியாய் வரை ஒரு நடை.

இருட்டிய பின் கோத்தா திங்கி–மெர்சிங் சாலையில் ஓட்டுவதில்லை என்பதும் ஒரு தீர்மானம். யானை கடக்கும் இடம் என்ற பலகைகள் அங்கே அலங்காரத்துக்கு வைத்தவை அல்ல. 2025 மே மாதம், அன்னையர் தினத்தன்று அதிகாலை, வடக்கே கெரிக்–ஜெலி சாலையில் லோரி மோதிச் செத்த குட்டியை விட்டு நகராமல் தாய் யானை லோரியில் தலைமுட்டி நின்ற காட்சியை நாடே பார்த்தது. யானை எதிர்ப்பட்டால் ஹாரன் அடிக்கக் கூடாது, பெரிய விளக்கைக் காட்டக் கூடாது, கீழே இறங்கிப் படமெடுக்கவே கூடாது. மெல்லப் பின்வாங்கிக் காத்திருக்க வேண்டும். சாலை யாருடையது என்ற வழக்கில் அவர் யானையின் பக்கம்.

அவருடைய வேனின் பக்கத்தில் சில மாதம் முன்பு ஒரு பெரிய வெள்ளை மோட்டார் வீடு வந்து நின்றது. ஐரோப்பிய எண் பலகை. வயதான கணவன் மனைவி, பல நாடுகள் தாண்டி ஓட்டியே வந்தவர்கள். சிங்கப்பூரைத் தொட்டுவிட்டுத் திரும்புவது அவர்கள் எண்ணம். ஆனால் மோட்டார் வீடுகளைச் சிங்கப்பூர் தன் சாலைகளில் அனுமதிப்பதில்லை. இத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டி வந்த வண்டிக்கு, ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே அதிகமான கடற்பாலம்தான் எல்லை. 1955 செப்டம்பரில் லண்டனிலிருந்து இரண்டு லேண்ட் ரோவர்களில் கிளம்பிய ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்கள் ஆறு பேர் 1956 மார்ச்சில் இதே பாலத்தைக் கடந்துதான் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தார்கள். கூடாரமும் அடுப்பும் கட்டிக்கொண்டு வந்த அவர்களுக்கு அன்று தடையில்லை. வேன் அங்கிள் அந்த ஐரோப்பியத் தம்பதியை லார்க்கின் பேருந்து நிலையத்துக்கு அழைத்துப் போய் 170-ஆம் எண் பேருந்தில் ஏற்றிவிட்டார். மாலையில் திரும்பி வந்தவர்களுக்கு அம்மாள் புளிச்சோறு கொடுத்தார். மறுநாள் அந்தக் கணவர் தன் வண்டியின் அடிவயிற்றைத் திறந்து கழிவுத் தொட்டியை எங்கே காலி செய்வது என்று கேட்டபோது, பக்கத்து வீட்டு இளம் பெண் மெதுவாக நகர்ந்துவிட்டார்.

டயர் பற்றிய அவருடைய பேச்சு தனி. கடைக்காரர் புதிது என்று சொன்னால் போதாது, பக்கச்சுவரில் குனிந்து நாலு இலக்கம் பார்க்க வேண்டும். 3219 என்றிருந்தால் 2019-ஆம் வருடம் 32-ஆவது வாரம் செய்தது. பள்ளி வேன் நாள்தோறும் ஓடியது, டயர் தேய்ந்தபோது மாற்றினார். படுக்கிற வேன் அதிகம் நிற்பது. பூ தேயாமலே ரப்பர் வெடித்துவிடும். காற்றழுத்தம் பார்ப்பது காலையில், ஓட்டுமுன். சுமை வேனுக்கான டயரைத்தான் போட வேண்டும், மலிவாகக் கிடைக்கிறதென்று கார் டயரை மாட்டக் கூடாது.

காகித வேலையில் அவர் இன்னும் கறார். இருக்கைகளைக் கழற்றிப் படுக்கை போடுவது வெறும் ஆசாரி வேலை இல்லை. சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயின் ஒப்புதல் வேண்டும், வாகனப் பரிசோதனை வேண்டும், பதிவிலும் மாற வேண்டும். காப்புறுதி நிறுவனத்திடமும் சொல்ல வேண்டும். சொல்லாத மாற்றத்தோடு விபத்து நடந்தால் இழப்பீடு கேட்டு நிற்பது கஷ்டம். வேனுக்குப் பதில் சின்ன லோரி மேல் வீடு கட்டுகிறவர்களுக்கு, பின்னால் இரட்டைச் சக்கரம் வந்தால் டோல் வகுப்பும் கட்டணமும் மாறும் என்று நினைவூட்டுகிறார். டீசல் வண்டி பார்க்கிறவர்களிடம் 2024 ஜூன் 10-ஐச் சொல்கிறார். தீபகற்பத்தில் அன்று ஒரே நாளில் லிட்டர் 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியது.

மாரானுக்கு அவர்கள் இன்றும் போகிறார்கள். லோரிகள் இல்லை, குளிரூட்டிய பேருந்துகளும் வேன்களும் கார்களும்தான். கூடாரம் போட்டு, அண்டா வைத்துச் சமைத்து, பாய் விரித்து உறங்குகிற குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. மண்டோர் மனைவிகளின் இடத்தில் கைப்பேசியோடு நிற்கும் பேத்திகள். தண்ணீர் டிரம் மட்டும் இன்னும் நடுவிலேயே இருக்கிறது.

பக்கத்து வீட்டுத் தம்பதி இன்னும் வேன் வாங்கவில்லை. பட்டியல் பாதியாகிவிட்டது. வாங்க நினைக்கிற எல்லோருக்கும் பெரியவர் சொல்வது ஒன்றுதான்: முதலில் ஒரு வேனை வாடகைக்கு எடுங்கள். நல்ல வெயில் நாளில் அல்ல, டிசம்பர் மழையில், மேற்குக் கரைப் பக்கமாக. இரண்டு இரவு அடுத்தடுத்துப் படுத்துப் பாருங்கள். துணி காயாமல், கதவைத் திறக்க முடியாமல், இருவரும் ஒரே பலகையில் உட்கார்ந்து பொழுதைப் போக்கிப் பாருங்கள். வீட்டுக்கு வந்த பிறகும் ஆசை குறையவில்லையென்றால் ஜேபிஜே அலுவலகத்துக்குப் போகலாம்.